கண்ணாடித் தோலுக்குள் இற்றுப்போகும் மரம்



கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி வருகிறது. கோமுகி மணிமுக்தாவில் சேர்கிறது. மணிமுக்தா விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. ஒருகாலத்தில் மஹ்மூத் பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் கப்பலோட்டிகள் அழைத்த அதே ஊர். ஆகவே கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு படகைப் பற்றி எழுதுவது வாசகர்களுக்கு வியப்பாகத் தோன்ற வேண்டியதில்லை. 1993 வரை நமது வட்டமும் பரங்கிப்பேட்டையும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. பிறகு விழுப்புரம் பிரிந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மாவட்டக் கோடுகள் மாறினாலும் ஆறுகள் தம் வழி மாறவில்லை. நம் குடும்பங்களின் கொள்வினை கொடுப்பினையும் கடற்கரை ஊர்களோடு தொடர்ந்தே வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கள்ளக்குறிச்சி மரத்தை அறிந்த ஊர். இவ்வூரின் மரச் சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கட்டை நன்கு உலர்ந்ததா, ஈரம் தங்கியதா, உள்ளே உளுத்ததா என்பதை விரலால் தட்டியே சொல்லக்கூடிய கைவினைஞர்கள் இங்குள்ளனர். அந்த அறிவு கடற்கரைக்கு இன்று எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று நம் கடற்கரையில் நிற்கும் சிறு படகுகளில் மிகப் பலவும் கண்ணாடியிழையால் ஆனவை. மக்கள் வழக்கில் ‘ஃபைபர் படகு’. பெயரைக் கேட்டதும் அதில் மரமே இல்லை என்றுதான் பலரும் எண்ணுவர். ஆனால் பழைய ஃபைபர் படகுகள் பலவற்றின் உள்ளே மரம் இருக்கிறது; படகின் பாரத்தைத் தாங்குவதில் அந்த மரத்திற்குப் பெரும் பங்கு உண்டு. அது கண்ணுக்குத் தெரியாமல் இற்றுப்போனால் படகும் போகும், படகில் இருப்போரும் போவர். கண்ணுக்குத் தெரிந்த மரம் கண்ணுக்குத் தெரியாத மரமாக மாறிய வரலாற்றையும், அதனால் நம்மீது வந்து சேர்ந்த பொறுப்பையும் காண்போம்.

பலகையும் பிணைப்பும்

மனித குலம் மறக்கக்கூடாத முதல் மரக்கலம் நூஹ் (அலை) அவர்களுடையது. அல்லாஹ் தஆலா கட்டளையிட, அவனது கண்காணிப்பில் அவர்கள் அதைக் கட்டினார்கள் என்றும், வழியே சென்ற தலைவர்கள் அவர்களை ஏளனம் செய்தார்கள் என்றும் ஹூது அத்தியாயம் (11:37, 38) அறிவிக்கிறது. அல்கமர் அத்தியாயத்தில் (54:13) அக்கப்பலின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. பலகைகளும் ‘துஸுர்’ என்பவையும் உடையது என்று மட்டுமே அது குறிக்கப்படுகிறது. துஸுர் என்பதற்கு ஆணிகள் என்பதே விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் தரும் பொருள். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபி அகராதிகள் தருகின்றன. எப்படிக் கொண்டாலும் கருத்து ஒன்றே: கப்பல் என்பது பலகையும் அதைப் பிணைக்கும் பிணைப்பும்தான், இரண்டில் ஒன்று கெட்டாலும் கப்பல் இல்லை.

அந்த இரண்டாவது பொருளை நம் முன்னோர் கண்ணாரக் கண்டனர். இந்தியப் பெருங்கடலில் ஓடிய பழைய மரக்கலங்கள் பல ஆணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 1183இல், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஆண்டலூசியப் பயணி இப்னு ஜுபைர் (ரஹ்) செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த அய்தாப் துறைமுகத்தில் இத்தகைய கலங்களைக் கண்டு விவரமாக எழுதினார். தேங்காய் மட்டையின் நாரைத் திரித்துக் கயிறாக்கித் தைத்த கலங்கள் அவை. நெய்யோ, ஆமணக்கெண்ணெயோ, சுறா எண்ணெயோ பூசப்பட்டவை. அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது. மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது என்பன அவர் தரும் செய்திகள். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் நம் மஃபர் கரைக்கே வந்து சென்ற இப்னு பத்தூத்தா (ரஹ்), இத்தையலின் நன்மையையும் சொன்னார். இரும்பாணி அடித்த கலம் பாறையில் மோதினால் உடைந்துவிடும். கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து கொடுக்கும்.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சென்னையில் துறைமுகம் எழும் முன், நடுக்கடலில் நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் அலைகளின் மேல் கொண்டு சென்றவை இந்தத் தைத்த படகுகள்தாம். கட்டுமரமோ இன்னும் எளியது. மிதக்கும் மென்மையான கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. பெயரிலேயே அதன் அமைப்பு இருக்கிறது.

இக்கலங்களுக்கு ஒரு பொதுப் பண்பு இருந்தது. மரம் வெளியே தெரிந்தது. கடலிலிருந்து திரும்பிய கட்டுமரத்தைப் பல ஊர்களில் அவிழ்த்துக் கட்டைகளை மணலில் உலரப் போட்டனர். தைத்த படகின் கயிறு நைந்ததும் அவிழ்த்து மீண்டும் தைத்தனர். அப்போது ஒவ்வொரு பலகையும் கைக்கு வந்து, தட்டிப் பார்க்கப்பட்டு, நல்லதென்றால் திரும்பப் போயிற்று. இல்லையென்றால் அடுப்புக்குப் போயிற்று. ஆணியடித்த தோணிகளிலும் வள்ளங்களிலும் பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்து எண்ணெய்ப் பசை பூசும் வேலை பருவந்தோறும் நடந்தது. அதற்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். அரபியில் ‘கல்ஃபத’ என்ற வினையும் போர்த்துகீசியத்தில் ‘கலஃபாத்தே’ என்ற சொல்லும் இதே தொழிலைக் குறிக்கின்றன. மூன்று மொழிகளும் ஒரே கடற்கரையில் ஒரே வேலையைப் பார்த்து நின்றதன் அடையாளம் அது.

மரைக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு இணைத்துப் பொருள் கொள்வோர் பலர். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களில் கப்பலுடைமையும் கடல் வணிகமும் குடும்ப வாழ்வாக இருந்தன. ஏரா என்னும் அடிமரம், வங்கு என்னும் விலாச்சட்டம், அணியம் என்னும் முன்பகுதி ஆகிய சொற்கள் அவ்வீடுகளில் அன்றாடச் சொற்களாகப் புழங்கின. ஏராவோ வங்கோ கெட்டால் எது கெட்டது என்று சொல்லவும், எதை மாற்ற வேண்டும் என்று காட்டவும் அவர்களால் முடிந்தது. ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிந்தது.

கண்ணாடி வந்த கதை

கண்ணாடியை உருக்கி மயிரிழை போல் நீட்டி, அதைப் பாய் போல் விரித்து, ரெசின் என்னும் பிசினில் ஊற வைத்து இறுகச் செய்தால் கிடைப்பதே ஃபைபர். கண்ணாடியிழை 1930களில் அமெரிக்காவில் தொழில்முறையில் உருவானது. 1942இல் ஓஹையோ மாநிலத்தின் ரே கிரீன் என்பவர் இதனால் ஒரு சிறு படகைச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தொழில் உலகெங்கும் பரவியது. துருப்பிடிக்காது, கப்பற்புழு துளைக்காது, கலப்பற்று வேண்டியதில்லை, ஓர் அச்சிலிருந்து ஒரே வடிவில் எத்தனை படகும் எடுக்கலாம் என்பன அதன் சிறப்புகள்.

தமிழர் வாழும் கரைகளில் இக்கலை வேரூன்றியதற்கு யாழ்ப்பாணம் ஒரு முன்னோடி. 1950களில் நார்வே சென்ற யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் என்பவரின் முயற்சியால் 1960களின் இறுதியில் சீநோர் என்னும் திட்டம் உருவானது. காரைநகரில் எழுந்த அதன் படகுத் தளத்தில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. இந்தியக் கரையில் 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே போன்றோர் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினர். கட்டுமரத்திற்கு ஏற்ற பெருங்கட்டைகள் அரிதாகி விலையேறிய காலம் அது. வெளிப்புறம் தொங்கும் எஞ்சின்கள் பரவத் தொடங்கியதும் அதே காலம்தான். எஞ்சினைத் தாங்கும் உறுதியான பின்பலகை வேண்டும் என்ற தேவை அப்போதே வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26 எல்லாவற்றையும் மாற்றியது. ஆழிப்பேரலை கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் எண்ணற்ற உயிர்களையும் அவர்களது கட்டுமரங்களையும் கொண்டு சென்றது. அதன்பின் நிவாரணமாக ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகள் வந்திறங்கின. தேவை அவசரமானது, கட்டும் கூடங்கள் திடீரெனப் பெருகின. நன்றாகக் கட்டியோரும் இருந்தனர். ரெசினைக் குறைத்து, அடுக்குகளைக் குறைத்து, உள்ளே எந்த மரம் கிடைத்ததோ அதை வைத்து மூடியோரும் இருந்தனர். சிறு படகுகளின் தரமும் பாதுகாப்பும் குறித்து ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உள்ளிட்டோர் அந்நாட்களில் கவலை தெரிவித்து வழிகாட்டுதல்கள் வெளியிட்டதற்கு இதுவே பின்னணி. அன்று வந்த படகுகள் இன்று முதுமை அடைந்துவிட்டன. கைமாறிக் கைமாறி விற்கப்படுகின்றன. நம் பேச்சு அவற்றைப் பற்றியதுதான்.

உள்ளே ஏன் மரம்?

ஃபைபர் தகடு வலிமையானது, ஆனால் வளையக்கூடியது. அதை விறைப்பாக்க இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பொருளை வைத்து ஒட்டுவர். வீட்டுக்கு வரும் அட்டைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவே நெளிந்த தாள் ஒன்று இருப்பதால்தான் அந்தப் பெட்டி பாரம் தாங்குகிறது. நடுத்தாள் நனைந்து ஊறிவிட்டால், வெளித்தாள் கிழியாமலே பெட்டி சரிந்துவிடும். படகிலும் இதே நிலைதான்.

மரம் மூன்று இடங்களில் இருக்கும். முதலாவது எஞ்சின் தொங்கும் பின்பலகை. அதன் நடுவே ஒட்டுப்பலகை இருக்கும். இரண்டாவது படகின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் நெடுக்குச் சட்டங்கள். மூன்றாவது ஆட்கள் நிற்கும் தளம். இவற்றுள் பின்பலகையே மிக ஆபத்தானது. எஞ்சினின் எடை, அதன் உந்துவிசை, அலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் வரும் அதிர்ச்சி ஆகிய அனைத்தையும் அது ஒன்றே ஏற்கிறது. நடுமரம் இற்றுவிட்டால் எஞ்சினைப் பிடித்த போல்ட்டுகள் தளர்கின்றன. பலகை பின்னுக்கு வளைகிறது. ஒருநாள் கரை தெரியாத தூரத்தில் எஞ்சின் பலகையோடு பெயர்ந்துவிடலாம்.

இந்த மரத்தை இற்கச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரம் எடையில் 20 விழுக்காட்டிற்குக் குறைவாக இருக்கும்வரை பூஞ்சை வளராது. அதனால்தான் நன்கு உலர்ந்த தேக்கு தலைமுறைகள் தாண்டி நிற்கிறது. பலரும் கடல்நீரே மரத்தைக் கெடுக்கிறது என்று எண்ணுகின்றனர். உண்மையில் இவ்வகை அழுகலுக்கு உப்புநீரைவிட மழைநீரே பெரும் பகை. உப்பு பூஞ்சையைத் தடுக்கும் தன்மையுடையது. வடகிழக்குப் பருவமழையில் மூடாமல் மணலில் கிடக்கும் படகில் நீர் தேங்குகிறது. எஞ்சினுக்காகவும் வளையங்களுக்காகவும் துளையிட்டபோது துளையின் ஓரங்கள் ரெசினால் அடைக்கப்படாவிட்டால், அதன் வழியே நீர் நடுமரத்துக்குள் இறங்குகிறது. இறங்கிய நீர் வெளியேற வழியில்லை. கட்டுமரக் கட்டையை உலர்த்திய வெயில் இம்மரத்தைத் தொடவே இயலாது. மரம் வீங்கி ஃபைபரிலிருந்து பிரிகிறது. பிரிந்த இடைவெளியில் மேலும் நீர் நிற்கிறது. மரத்தைப் பாதுகாக்கும் என்று நம்பிய தோலே அதன் ஈரத்தை அடைத்து வைக்கிறது.

ஸுலைமான் (அலை) அவர்களின் மரணத்தைக் குர்ஆன் எடுத்துரைக்கும் இடம் (34:14) இங்கு நினைவுக்கு வருகிறது. அவர்கள் கைத்தடியில் சாய்ந்தவாறே மரணித்தார்கள். பூமியின் சிறு பூச்சி அத்தடியை அரித்துக்கொண்டிருந்தது. தடி முறிந்து அவர்கள் விழுந்தபோதுதான், அதுவரை அவர்களது ஏவலில் உழைத்துக்கொண்டிருந்த ஜின்கள் உண்மையை அறிந்தனர். மறைவானதை ஜின்கள் அறியமாட்டார்கள் என்பதே அவ்வசனம் உணர்த்தும் பாடம். எனினும் மரத்தைக் கையாள்வோருக்கு அதில் இன்னொரு குறிப்பும் உண்டு: நிற்பது எல்லாம் உறுதியாக நிற்பதன்று.

திறப்பதும் மாற்றுவதும்

உள்ளே இற்றதை அறிய வழிகள் உண்டு. சிறு சுத்தியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென ஒலிக்கும். கெட்ட இடம் மொத்தென்று மந்தமாக ஒலிக்கும். நம் ஊர்ச் சிற்பி கட்டையைத் தட்டிப் பார்ப்பதும் இதே முறைதான். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பின்பலகை அசைந்தாலோ, திருகாணியைக் கழற்றியதும் துளையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தாலோ ஐயம் உறுதியாகும். உட்பக்கத்தில் சிறு துளையிட்டு வரும் தூளைப் பார்க்கலாம். வெளிர்நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் மரம் நலம். கருத்து ஈரமாக வந்தால் கெட்டது. அத்துளையை உடனே அடைத்துவிட வேண்டும்.

மாற்றும் வேலைக்கு ஒழுங்கு உண்டு. முதலில் படகைக் காலியாக்கி, அடிப்பகுதி முழுவதும் தாங்குமாறு கட்டைகளின் மேல் நிறுத்த வேண்டும். சட்டத்தை எடுத்தபின் படகு தன் வடிவை இழந்துவிட்டால், புதிய மரம் அந்தக் கோணலையே நிரந்தரமாக்கிவிடும். பின்னர் உட்தோலை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். வெளித்தோல் அப்படியே இருக்கட்டும். இற்ற மரத்தை உளியால் தோண்டி எடுத்து, மென்மையான இடம் முடிந்து நல்ல மரம் வரும்வரை மட்டுமன்றி, அதற்கும் சற்று அப்பால் வரை போக வேண்டும். ஈரம் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியே இருக்கும். அடுத்து உலர்த்தல். இங்குதான் பலர் பொறுமை இழக்கின்றனர். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் நாட்கணக்கில் உலர விட வேண்டும். ஈரத்தின் மேல் ரெசின் ஒட்டாது. ஒட்டியது போல் தோன்றி ஓராண்டில் பிரியும்.

உலர்ந்தபின் கிரைண்டரால் பழைய ஃபைபரைச் சுரண்டிப் புதுப்பரப்பு காண வேண்டும். அட்டையில் அளவு வெட்டி, அதன்படி மரைன் பிளைவுட்டை அறுக்க வேண்டும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதே மரைன் பிளைவுட்; வீட்டு அலமாரிக்கான பலகை இதற்கு உதவாது. பலகையின் எல்லாப் பக்கங்களையும், முக்கியமாக நீரை உறிஞ்சும் வெட்டு ஓரங்களை, பொருத்தும் முன்பே ரெசினால் பூச வேண்டும். கெட்டியாக்கிய ரெசின் பசையை இடைவெளியின்றித் தடவி, பலகையை அழுத்திப் பிடித்து இறுக்க வேண்டும். மூலைகளைக் கூர்மையாக விடாமல் பசையால் உருட்டி, அதன்மேல் கண்ணாடியிழைப் பாயையும் நெசவையும் மாறி மாறி, ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட அகலமாக, காற்றுக் குமிழி நில்லாமல் இட வேண்டும். இறுதியில் எஞ்சின் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, ரெசினால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளைப்பது முறை. அப்போதுதான் போல்ட் மரத்தைத் தொடாது, நீரும் தொடாது.

ரெசின் வகையிலும் கவனம் வேண்டும். பாலியெஸ்டர் மலிவானது, ஆனால் பழைய பரப்பிலும் மரத்திலும் எபாக்ஸி அளவுக்குப் பற்றாது. எபாக்ஸி இட்ட இடத்தின் மேல் பாலியெஸ்டர் இட்டால் பெரும்பாலும் நன்றாக ஒட்டாது. உயிர் தொடர்பான ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாலியெஸ்டரை இறுக்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒருபோதும் கலக்கக்கூடாது, அது வெடிக்கும். கண்ணாடித் தூளும் ரெசின் ஆவியும் நுரையீரலுக்குத் தீங்கு. கூலிக்கு வரும் இளைஞருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை.

நனைந்த தானியக் குவியல்

இவ்வளவு வேலையையும் தவிர்த்துவிட ஓர் எளிய வழி இருக்கிறது. விரிசலில் பசை பூசி, மேலே இரண்டு கை வண்ணம் அடித்தால் படகு புதிது போல் மின்னும். கடற்கரைச் சந்தையில் இத்தகைய படகு விலைக்கு வரும்போது, அதை வாங்குபவர் பெரும்பாலும் எளியவர். மனைவியின் நகையை அடகு வைத்து, உறவினரிடம் கைமாற்று வாங்கி வருபவர். அவருக்குக் கண்ணில் படுவது வண்ணம் மட்டுமே.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணுமாறு நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. தானியம் நனைந்ததும் குற்றமன்று. ஈரத்தைக் கீழே வைத்து உலர்ந்ததை மேலே வைத்ததுதான் குற்றம். ஃபைபர் படகின் பின்பலகையும் மழையால் நனைந்ததுதான். அதை வண்ணத்தால் மூடி விற்பவரின் நிலை அந்தக் குவியலின் நிலையே.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதற்கெனத் தனிச் சட்டம் வகுத்துள்ளன. விற்கும் முன்பே இருந்த குறையை வாங்கியவர் பின்னர் அறிந்தால், பொருளைத் திருப்பித் தரும் உரிமை அவருக்கு உண்டு. இதற்குக் ‘கியாருல் ஐப்’ என்று பெயர். “உள்ளது உள்ளபடி, எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை” என்று சொல்லி விற்றால் என்னாகும்? ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் கால்நடையின் உள்ளே மறைந்திருந்து விற்பவரே அறியாத குறைக்கு மட்டுமே அது செல்லும். படகு போன்ற பொருளுக்குச் செல்லாது. கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஹனஃபிகள் மிகுதி. கடற்கரையில் ஷாஃபிஈகள் மிகுதி. ஆதலால் இரு ஊராரிடையே படகு கைமாறும்போது தத்தம் ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நன்று. ஆனால் அறிந்த குறையை வேண்டுமென்றே மறைப்பது ஹராம் என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அவர்களது வணிகத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியின் கருத்து.

மூஸா (அலை) அவர்களோடு பயணித்த ஹிள்ர் (அலை) அவர்கள் படகொன்றைப் பழுதாக்கிய வரலாறு அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் (18:71, 79) வருகிறது. வெள்ளிதோறும் ஓதுகிறோம். அப்படகின் சொந்தக்காரர்கள் யார் என்பதை இறைவன் குறிப்பாகச் சொல்கிறான்: கடலில் உழைக்கும் ஏழைகள். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் மன்னன் ஒருவன் இருந்தான். குறையுள்ள படகை அவன் விட்டுவிடுவான். வெளியே தெரிந்த குறை அந்த ஏழைகளின் படகைக் காத்தது. நாம் பேசும் படகில் நடப்பதோ நேர்மாறானது. வெளியே தெரியாத குறை ஏழையின் படகை மூழ்கடிக்கிறது. தெரிந்த குறையைச் சீர்செய்யலாம், விலையைக் குறைக்கலாம், கடலுக்குப் போகாமல் நிறுத்தலாம். மறைந்த குறைக்கு இவற்றில் எதுவும் இயலாது.

நாம் செய்யக்கூடியவை

பழைய படகை விற்போர் எஞ்சினைக் கழற்றித் திருகாணித் துளைகளை வாங்குபவருக்குக் காட்டட்டும். வாங்குவோர் வண்ணத்தைப் பார்த்து விலை பேசாமல், அறிந்த ஒருவரை அழைத்துச் சென்று தட்டிப் பார்க்கட்டும். பழுதுபார்ப்போர் எந்த இடத்தில் எந்த மரத்தை எந்த நாளில் மாற்றினோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். படகு கைமாறும்போது அந்தத் தாளும் கைமாறும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அக்காலத்தில் பெரிய படகுகள் கரையேறிச் சீர்செய்யப்படுகின்றன. கோடை வெயில் மிகுந்த அந்நாட்களே சிறு ஃபைபர் படகின் நடுமரத்தை உலர்த்தவும் ஏற்றவை. மழைக்காலத்தில் படகை மூடி வைப்பதற்கு ஒரு தார்ப்பாய் போதும். கவிழ்த்து வைக்க இயன்றால் தார்ப்பாயும் வேண்டாம்.

கடற்கரை ஜமாஅத்துகளின் பைத்துல்மால் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். திருமணம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கு உதவுகிறோம். ஒரு பின்பலகையை மாற்றக் கர்ளன் ஹஸனா எனும் அழகிய கடன் கொடுப்பதும் அதே வரிசையில் வரவேண்டியதே. பணமில்லாத காரணத்தால்தான் பலர் பசை பூசி ஒப்பேற்றுகின்றனர். ஒரே கப்பலின் மேல்தளத்தில் இருப்போரும் கீழ்த்தளத்தில் இருப்போரும் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். கீழிருப்போர் துளையிடுவதை மேலிருப்போர் தடுக்காவிட்டால் இருவரும் அழிவர். தடுத்தால் இருவரும் தப்புவர். துளையிடுவதை மட்டுமன்று, துளை விழுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதையும் அது கண்டிக்கிறது.

பெருநாள் விடுமுறையில் கல்வராயன் மலைக்குச் சென்று கரியாலூர்ப் படகுத்துறையில் பிள்ளைகளோடு மிதிபடகில் ஏறுகிறோம். கடல் காணாத நம் பிள்ளைகளுக்கு ஃபைபர் படகு என்றால் அதுவே. அங்கே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்: இதே மலையின் நீர் பரங்கிப்பேட்டை வரை செல்கிறது, அங்கே இதே பொருளால் ஆன படகில் ஒருவருடைய தந்தை இரவில் கடலுக்குச் செல்கிறார், அவர் காலையில் திரும்புவது, அப்படகைக் கட்டியவரும் விற்றவரும் பழுது பார்த்தவரும் அமானிதத்தைப் பேணினார்களா என்பதையும் பொறுத்தது.

கடலில் செல்வோரை வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! நம் கொடுக்கல் வாங்கலில் வெளியையும் உள்ளையும் ஒன்றாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.